பெண் பிள்ளைகளும் கணினி அறையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மாவட்டப் பாடசாலை ஒன்றில் கணினி அறை திறக்கப்பட்ட செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். "பெண் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கணினியில் நாட்டம் குறைவு" என்று பிரதம விருந்தினர் பேசினாராம். அதையே உபதலைப்பாகவும் போட்டிருக்கிறீர்கள். அந்தச் செய்தியோடு வந்த படத்தில் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பவர்கள் பெண் பிள்ளைகள். உள்ளே கணினிக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்கள் ஆண் பிள்ளைகள். இந்தப் படத்தின் கீழே அந்த வரியை அச்சிடத் தங்களுக்கு எப்படி மனம் வந்தது?

முல்லைத்தீவு மாவட்டத்தில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவள் நான். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்றால் மவுஸ் பையனின் கையில்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் பெண் பிள்ளை அவன் செய்வதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி பாஸ்கல் என்ற கணினி மொழியில் நிரல் ஒன்றை முழுவதுமாகக் கொப்பியில் எழுதி, பிழைகளையும் தானே திருத்தி என்னிடம் கொண்டுவந்தாள். "இதைக் கணினியில் போட்டால் ஓடுமா, ரீச்சர்?" என்று கேட்டாள். கணினி அறை பூட்டியிருந்தது. திறப்பு அதிபரின் அலுமாரியில். பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும், கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்தப் பிள்ளை உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போனாள். அவளுக்கா நாட்டம் இல்லை?

சாதாரண தரப் பரீட்சைக்கான விருப்பப் பாடங்களின் மூன்றாம் தொகுதியில் ஒரு பாடத்தைத்தான் எடுக்க முடியும் என்பது தாங்கள் அறியாததல்ல. கணினிப் பாடமான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் மனைப்பொருளியலும் அந்த ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன. மனைப்பொருளியல் நல்ல பாடம், ஆண் பிள்ளைகளும் படிக்க வேண்டியது. ஆனால் தரம் 10 தொடங்கும்போது "உனக்கு இதுதான் உதவும்" என்று பெண் பிள்ளையின் படிவத்தை நிரப்புவது பெரியவர்கள். பிறகு, பெண்கள் கணினிப் பாடத்தை எடுப்பதில்லை என்று மேடையில் பேசுவதும் பெரியவர்களே. சிறிய பாடசாலைகளில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாததைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் பேசவில்லை.

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டிலிருந்த ஒரே கைபேசி யாருடைய வகுப்புக்குப் போனது? நான் அறிந்த வீடுகளில் அண்ணனுக்கு, அல்லது தம்பிக்கு. மாலை வகுப்புக்குப் பையன் சைக்கிளில் போய் இருட்டில் திரும்புவான். அக்காவை அனுப்ப மாட்டார்கள். 2009 இல் போரில் கணவரை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் இங்கே எத்தனையோ பேர். அவர்களின் பயத்தை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். விளக்கில்லாத உள்வீதிகளைப் பற்றியும் நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றியும் முன்னரும் தங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை.

1843 இலேயே இயந்திரம் கணக்கிடுவதற்கான படிமுறையை வெளியிட்ட அடா லவ்லேஸ் ஒரு பெண். அமெரிக்காவில் 1946 இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இவையெல்லாம் தங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த வரியை மறுத்து ஒரு சொல் எழுதவில்லையே என்பதுதான் என் மனவருத்தம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, அதில் கணினிப் பொறியியலும் இருக்கிறது. 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இவ்வளவும் வன்னிக்குள் வந்த பிறகும், எங்கள் பிள்ளைகளைப் பற்றி இப்படிப் படிக்க வேண்டியிருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தரம் 9 பிள்ளைகள் பாடத்தெரிவுப் படிவம் நிரப்பும் காலத்தில், தங்கள் மாணவர் பக்கத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்ன பாடம், அதைப் படித்தவர்கள் எங்கே போகலாம் என்று தாய்மாருக்கு விளங்கும்படி ஒரு கட்டுரை போடுங்கள். அதற்கு ஒரு படமும் போடுவதானால், கணினியின் முன் ஒரு பெண் பிள்ளையை அமர்த்தி எடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.