எரிவாயுக் காப்புக்கு நாம் கட்டுவது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலாண்டு மின்கட்டணம் மாறும் செய்தி வருகிற அன்று காலையில், சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் காப்பிக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். புலம்புகிறவர்கள் ஒரு மேசை. மின்நிறுவனப் பங்கு வைத்திருப்பவர்கள் இன்னொரு மேசை. போன தடவை பக்கத்து புளோக் தம்பி ஒருவர் என்னிடம், "அண்ணே, கேஸ் விலை ஏறினா நமக்கு நல்லதுதானே?" என்றார். என்னிடமும் சில லாட் மின்நிறுவனப் பங்கு இருப்பது தெரிந்துதான் அந்த "நமக்கு". கோப்பி-ஓ கோசோங்கை ஆற்றிக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். எரிவாயு தடைபட்டாலும் மின்சாரம் நிற்காமல் இருக்கச் செய்யும் காப்பு ஏற்பாடுகளுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று, சரியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2022 தொடக்கத்தில் இரண்டு வெள்ளி அளவில் இருந்த, மின்சாரம் தயாரித்து விற்கும் செம்ப்கார்ப் நிறுவனத்தின் பங்கு 2023 நடுவில் ஐந்து வெள்ளியைத் தாண்டியது. கண்ணெதிரே அதைப் பார்த்தவருக்கு எரிவாயு என்றால் லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்தவன். எனக்கு எரிவாயு என்றால் முதலில் நினைவுக்கு வருவது 2004 ஜூன் 29 இரவு.

இந்தோனீசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து கடலடிக் குழாய் வழியே வரும் எரிவாயு அன்று தடைப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க வேண்டிய மின் அதிர்வெண் இறங்கத் தொடங்கியது. அலாரம் பிரிண்டர் கறகறவென்று தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது. அதைக் கிழித்துப் படிக்க யாருக்கும் நேரமில்லை. எரிவாயு நின்றால் டர்பைன் டீசலுக்கு மாற வேண்டும். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. அன்று தீவில் எல்லா டர்பைனும் ஒழுங்காக மாறவில்லை. 300,000க்கும் மேற்பட்ட வீடுகளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருட்டு. விடியற்காலை பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது, இவ்வளவு பெரிய ஊர் ஒரு குழாயில் தொங்குகிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

இன்றும் நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. மலேசியக் குழாய் 1992ல் வந்தது, நத்துனா 2001ல், தென் சுமத்ரா 2003ல். மூன்றுமே அண்டை நாட்டுக் குழாய்கள். அதனால்தான் 2013ல் ஜூரோங் தீவில், கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் திறக்கப்பட்டது. அப்புறம்தான் கப்பல் வரக்கூடிய எந்த நாட்டிலிருந்தும் வாங்க முடிந்தது. இப்போது இரண்டாவது முனையம் ஜூரோங் துறைமுகத்தை ஒட்டி மிதக்கும் கப்பலாக வரப்போகிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் என்கிறார்கள். இதெல்லாம் நல்ல ஏற்பாடு. இலவசம் மட்டும் இல்லை.

பணம் எங்கே போகிறது என்பதை முதலீட்டாளர் இரண்டு முறை பார்த்துவிட்டார், முறைக்கு ஒரு கோணத்தில்.

முதல் முறை மிகுதியால் அடி. முனையம் வருகிறது, நீண்டகால ஒப்பந்தத்தில் எரிவாயு கிடைக்கிறது என்றதும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புது டர்பைன் வைத்தார்கள். அந்த ஒப்பந்தங்களில் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் காசு கட்டியாக வேண்டும். சும்மா வைத்திருப்பதைவிட எரித்து விற்பது மேல் என்று ஆளாளுக்கு விற்றார்கள். 2016 வாக்கில் மின்சாரத்தின் மொத்த விற்பனை விலை படுத்துவிட்டது. தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்ஸ் தன் துவாஸ்பிரிங் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையோடு 411 மெகாவாட் மின்நிலையத்தையும் கட்டி, மின்சாரம் விற்கத் தொடங்கியது சரியாக அந்த நேரத்தில்தான். 2018ல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்டது. முன்னுரிமைப் பங்கிலும் நிரந்தரப் பத்திரத்திலும் சிக்கிய சிறு முதலீட்டாளர்கள் சுமார் 34,000 பேர். தொகை 900 மில்லியன் வெள்ளி. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, அது தனிக் கதை. ஆனால் "தண்ணீர், மின்சாரம், அரசாங்கம் கைவிடாது" என்று நம்பிப் பணம் போட்டவர்கள் அதில் நிறைய. நாட்டுக்குக் காப்பு என்பது பங்குதாரருக்கும் காப்பு என்று அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது முறை பற்றாக்குறையால் அடி. என் மகன் வீட்டில் 2019லேயே மலிவு பார்த்து ஒரு சில்லறை மின்விற்பனை நிறுவனத்துக்கு மாறிவிட்டார்கள். "நீங்க மட்டும் ஏன்பா இன்னும் பழைய கட்டணமே கட்டறீங்க?" என்று என்னைக் கேலி செய்தார்கள். 2021 கடைசியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது. அதே நேரத்தில் நத்துனாவிலிருந்து வரவு குறைந்தது, சுமத்ரா குழாயில் அழுத்தமும் சரிந்தது. சில வாரங்களுக்குள் பல நிறுவனங்கள் கடையைக் கட்டின. மகனின் நிறுவனமும் அதில் ஒன்று. ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். மறுமாதம் பழைய மின்விநியோக நிறுவனமான எஸ்பியின் பில். மருமகள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். விலை குறைவாக இருந்தபோது முன்கூட்டியே வாங்கிப் பூட்டி வைக்காதவர்கள், மற்றவர் கட்டிய காப்பின் நிழலில் மலிவாக விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் கணிப்பு. எரிசக்திச் சந்தை ஆணையம் அவசரத்துக்கென்று தனியே திரவ எரிவாயு இருப்பு ஏற்படுத்தியதும் அப்போதுதான்.

இந்தப் பாடங்களிலிருந்து வந்ததுதான் கேஸ்கோ. மின்நிலையங்களுக்கான எரிவாயுவை இனி ஒரே கை மொத்தமாக வாங்கும் என்று 2023ல் அறிவித்தார்கள். முதலீட்டாளர் மேசையில் இதற்கு முகச்சுளிப்பு. நல்ல ஒப்பந்தம் பிடித்த நிறுவனத்தின் சாமர்த்தியம் போய்விடுமே, எல்லாருக்கும் ஒரே விலை என்றால் யார் பங்கை வாங்குவது என்கிறார்கள். அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கே தன் எரிவாயு வணிக நிறுவனம் பெவிலியன் எனர்ஜியை ஷெல்லுக்கு விற்றுவிட்டதே, விவரம் தெரிந்தவர்கள் வெளியேறுகிறார்கள் என்று தம்பி அதையும் சேர்த்துக்கொண்டார். அந்த விற்பனை 2025ல் முடிந்தது உண்மை. ஆனால் எரிவாயுவை உலகெங்கும் வாங்கி விற்கும் வணிகம் வேறு, இங்கே டர்பைன் நிற்காமல் பார்த்துக்கொள்வது வேறு. முன்னதை விற்கலாம், பின்னதைக் கைவிட முடியாது. எரிவாயு ஏற்றிய கத்தார் கப்பல்கள் ஹார்முஸ் நீரிணையைக் கடந்துதான் வர வேண்டும். உலகத் திரவ எரிவாயு வணிகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்த இடுக்கு வழியாகப் போகிறது. அங்கே ஒரு தகராறு என்றால் ஆளுக்கொரு திசையில் பேரம் பேசும் ஐந்தாறு நிறுவனங்களைவிட, ஒரே பெரிய வாடிக்கையாளராகப் போய் நிற்பது நமக்கு நல்லது. ஈவுத்தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. என் லாட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் கேஸ்கோ மீது எனக்கும் ஒரு மனக்குறை உண்டு, அது தம்பியுடையது அல்ல. ஒரே கை வாங்கினால், தவறான விலையில் இருபது ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் அது ஒரே கைதான். முன்பு அப்படித் தவறினால் பங்குதாரர் தலையில் விழுந்தது. இனி நம் எல்லாருடைய பில்லிலும் பிரித்துப் போடப்படும். மலேசியா, தாய்லாந்து வழியாக லாவோஸ் நீர்மின்சாரம் 2022லேயே வரத் தொடங்கிவிட்டது. 2035க்குள் 6 கிகாவாட் இறக்குமதி இலக்கு. கரிம வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி ஆனது, 2026க்கும் 2027க்கும் 45. எரிவாயுவின் தேவை எத்தனை ஆண்டு இப்படியே நீடிக்கும் என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. நீண்ட ஒப்பந்தம் போட்டால் 2016 மாதிரி மிகுதி வரலாம், போடாவிட்டால் 2021 மாதிரி பஞ்சம் வரலாம்.

எஸ்பி மின்கட்டணத்துக்கு ஒரு பிரிப்பு உண்டு: எரிசக்திச் செலவு, கம்பிவடச் செலவு, சந்தைச் சேவை, நிர்வாகம். காப்புக்கான செலவு எரிசக்திச் செலவுக்குள் கரைந்து கிடக்கிறது. அவசர இருப்புக்கு எவ்வளவு, மின்நிலையங்கள் வைத்திருக்க வேண்டிய டீசலுக்கு எவ்வளவு, புது முனையத்துக்கு எவ்வளவு என்று ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை காசு எனத் தனி வரியாகக் காட்டினால் என்ன? இரண்டு காசோ அரைக் காசோ, நான் மனமார்ந்து கட்டுவேன். தொகை தெரியாமல் கட்டுவதுதான் உறுத்துகிறது.

பங்கு வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஈவுத்தொகை ஏன் கூடவில்லை என்று மைக்கைப் பிடிப்பதோடு, நம் எரிவாயு யாரிடமிருந்து, எந்த ஆண்டு வரை, அதன் விலை எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறி இறங்குவதா இல்லையா என்றும் கேளுங்கள். நான் அடுத்த கூட்டத்துக்கு இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் அங்கே கொடுக்கும் பெந்தோ சாப்பாட்டுப் பெட்டிக்காக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்நிலைய ஊழியர்,
ஈசூன்