பெயர் அழிந்த முகங்கள்: பிரியாவிடைப் படங்களைக் காப்பதற்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடைய பழைய மாணவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும்,

மட்டக்களப்பிலுள்ள எமது பாடசாலையின் பழைய மண்டபத்தை ஒட்டிய அறையில், உடைந்த வாங்குகளுக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டமிட்ட குழுப்படம் ஒன்று சென்ற ஆண்டு எமக்குக் கிடைத்தது. மூன்று வரிசைகளில் முப்பத்தொரு மாணவர்கள். முன்வரிசையின் நடுவில் அதிபர், அவருக்கு இருபுறமும் வேட்டி சால்வையுடன் ஆசிரியர்கள். அட்டையின் கீழே பெயர்கள் அச்சிடப்பட்டிருந்த பகுதியைக் கறையான் தின்றுவிட்டது, ஆண்டையும் காணவில்லை. பின்னணியில் தெரியும் வாகை மரம் 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியில் வேரோடு சாய்ந்ததை எம்மிற் பலர் கண்டவர்கள் என்பதால், படம் அதற்கு முந்தியது என்று மட்டும் அப்போது சொல்ல முடிந்தது. எண்பத்து நான்கு வயதான பழைய மாணவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். தமக்கு ஓராண்டு மூத்த வகுப்பு என்று பார்த்ததும் சொன்னார். பிறகு கண்ணாடியின் மேல் விரலை வைத்து முகம் முகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினொரு பெயர்கள் வந்தன. பன்னிரண்டாவது முகத்தில் விரல் நின்றுவிட்டது. "இவன் படுவான்கரைப் பொடியன், தோணியில வாறவன். பேருதான் வருகுதில்ல" என்றார். (படுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை.) நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எமது குழு உருவானதற்கு அந்தப் பிற்பகலே காரணம். எமது பாடசாலையில் ஆண்டுதோறும் நடைபெற்ற பிரியாவிடை வைபவங்களின் படங்கள், நிகழ்ச்சி நிரல்கள், ஓட்டோகிராப் புத்தகங்கள் ஆகியவற்றைத் தேடித் திரட்டி, படத்தில் இருப்பவர்களை இன்னும் அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் எம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பெயர்களைப் பதிந்து, பழைய மண்டபத்துப் பக்க அறையில் நிலையாக வைக்க எண்ணியுள்ளோம். அதற்காகவே தங்களிடம் பொருளுதவி வேண்டி இக்கடிதத்தை எழுதுகிறோம்.

இளைய தலைமுறையினர் பலர் எங்கள் காலத்துப் பிரியாவிடையை ஒரு தேநீர் விருந்து என்றே எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அது பல கிழமைகள் நீண்ட காரியமாக இருந்தது. எஸ்.எஸ்.சி., எச்.எஸ்.சி. என்று பள்ளி இறுதிப் பரீட்சைகள் வழங்கிய காலத்திலும், பின்னர் க.பொ.த. உயர்தரம் வந்த பிறகும், விடைபெறும் வகுப்பாருக்கு அடுத்த கீழ்வகுப்பாரே விருந்தளிக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மூன்றாந் தவணையை மாரி மழையும் பரீட்சையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து வரும் பௌர்ணமியை ஒட்டியே நாள் குறிப்பார்கள். நாள் குறித்ததும் கீழ்வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராக ஆசிரியர்களின் வீடுகளுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். அதிபரின் வீட்டுக்கு மட்டும் சிரேஷ்ட மாணவத் தலைவர் போவார். நிகழ்ச்சி நிரலை அலுவலகத்தில் இருந்த றோணியோ என்ற பிரதியெடுக்கும் இயந்திரத்தில் அடிப்பார்கள். அந்த மையின் வாசம் இன்றைக்கும் சில தாள்களில் இருப்பதாக எம்மில் ஒருவர் சொல்கிறார், அவர் சொன்ன பிறகு முகர்ந்து பார்க்காதவர் எமது குழுவில் எவருமில்லை. பழைய நிரல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தாய்மொழியில் கற்பிக்கும் சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு ஏறி வர வர, முதலில் வரவேற்புரையும், பின்னர் நன்றியுரையும், இறுதியில் முழு நிரலுமே தமிழுக்கு வந்ததைத் தாள்களை அடுக்கி வைத்தாலே காணலாம்.

விருந்தின் பெரும்பகுதி வீடுகளிலிருந்தே வந்தது. படுவான்கரை மாணவர்களின் வீடுகளிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகள் தோணியில் வாவியைக் கடந்து வரும். வாழையிலையால் வாய்கட்டிய அந்தச் சட்டிகளை இறக்குவதற்கென்றே நான்கு பேர் துறையில் காத்திருப்பார்கள். காத்தான்குடி, ஏறாவூர் மாணவர்களின் வீடுகளிலிருந்து இறைச்சிக் கறியும் தொதலும் வரும். மரக்கறி உண்போருக்கு மண்டபத்தின் கிழக்குப் பக்கம் தனி வரிசை. எல்லோருடைய இலையிலும் கடைசியில் தயிரும் பனங்கட்டியும் விழும் என்பதால், எந்த வரிசையில் இருந்தோம் என்பது பிறகு எவருக்கும் நினைவிருப்பதில்லை. விருந்து முடிந்ததும் வட்டக்களரியாக, அதாவது வட்டமான ஆடுகளமாக, வாங்குகளைத் தள்ளிவிட்டு, வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளில் ஒன்றில் ஒரு கூத்தின் சிறு பகுதியை ஆடுவார்கள். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழகிய மாணவன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான். மத்தளமும் சல்லாரி என்ற தாளமும் அவன் பொறுப்பு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றிய பின்னர், அதுவரை கூத்தென்றால் முகம் சுளித்த சில ஆசிரியர்களும் முன்வரிசைக்கு வந்து அமர்ந்தார்கள் என்பதையும் இங்கு நன்றியோடு சொல்ல வேண்டும்.

இந்த விருந்துக்குப் பெற்றோரும் வந்தார்கள் என்பது எமக்கு மிக முக்கியமான செய்தி. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரே, வயலிலும் வாவியிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் மேல்வகுப்பு வரை வருவது பெருகியது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்த மகன் அதிபரின் கையால் நற்சான்றுப் பத்திரம் வாங்குவதைப் பார்ப்பதற்காக, அன்று வேலையை விட்டு வந்து மண்டபத்து வாசலிலேயே நின்ற தந்தையர் பலர். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார்கள். அவர்கள் எவரும் குழுப்படங்களில் இல்லை. ஒரேயொரு படத்தின் ஓரத்தில் மட்டும், கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கும் ஒருவரின் பாதி உருவம் விழுந்திருக்கிறது.

விருந்தின் மறுநாள் இரவு விடுதி மாணவர்களுக்குரியது. பாடும் மீனைக் கேட்பதற்காக விடுதிப் பொறுப்பாசிரியரின் அனுமதியோடு இரண்டு தோணிகளில் கல்லடிப் பாலத்தடிக்குப் போவார்கள். 1924இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின் கீழே தோணியை நிறுத்தி, சவளின் (துடுப்பின்) ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்தால், அடியிலிருந்து நரம்பை மெல்ல மீட்டுவது போன்ற ஒலி வரும். விடைபெறும் மாணவர்களே முதலில் கேட்க வேண்டும். கீழ்வகுப்பார் அதுவரை வாய்திறக்கக் கூடாது. 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டுப் போக்குவரத்து அதற்கு மாறியிருந்தாலும், பழைய பாலத்தில் நடக்கும்போது இந்த ஞாபகம் வராத விடுதி மாணவர் இருக்க முடியாது.

ஓட்டோகிராப் புத்தகங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் நிறமான தாள்கள் கொண்ட அந்தச் சிறு புத்தகம் விருந்துக்கு இரு கிழமைக்கு முன்பே வகுப்பில் சுற்றத் தொடங்கிவிடும். எமக்குக் கிடைத்த ஒன்றில், பக்கத்தின் மூலையை முக்கோணமாக மடித்து, மேலே "திறக்காதே" என்று எழுதி, உள்ளே கணக்குப் பரீட்சையில் தான் பார்த்தெழுதியதற்கு நண்பனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான் ஒரு மாணவன். அந்த மடிப்பு விரியாமலே இருந்தது. புத்தகத்தின் உரிமையாளர் காலமாகிவிட்டார். அவருடைய மகளே அதை எம்மிடம் தந்தார்.

இவற்றில் மிகப் பெரும்பகுதி போய்விட்டது. 1978 சூறாவளியில் மண்டபத்தின் கூரை பறந்தபோது சுவரில் மாட்டியிருந்த படங்கள் மழையில் ஊறின. வீடுகளில் இருந்தவை போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் தொலைந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்லடி, நாவலடிக் கரைகளில் வீடுகளையே கொண்டுபோன கடல், அலுமாரிகளில் இருந்த படத் தொகுப்புகளை விட்டுவைக்கவில்லை. 2011 சனவரி வெள்ளம் மீதியிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மலர் (சிறப்பிதழ்) ஒன்றுக்காக முன்னொரு தடவை சிலரிடம் வாங்கப்பட்ட படங்கள் திரும்பி வரவில்லை என்ற மனக்குறையும் உண்டு. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. இம்முறை எந்த மூலப்படமும் உரியவரின் விருப்பமின்றி எம்மிடம் தங்காது. தங்கள் கண்முன்னே பிரதி எடுத்து, அன்றே கையில் ஒப்படைப்போம். வர முடியாத முதியவர்களின் வீட்டுக்குக் கருவியோடு நாமே வருவோம்.

செலவு மொத்தம் 20 இலட்சம் ரூபாய் என மதிப்பிட்டுள்ளோம். இதில் 6 இலட்சத்து 50 ஆயிரம் அறையின் கூரைக்கும் மின்னிணைப்புக்கும் உரியது. ஒழுகும் அறைக்குள் எதையும் வைப்பதில் பயனில்லை என்பதால் வேலை அங்கிருந்தே தொடங்க வேண்டும். நல்ல ஸ்கேனர், கணினி, இரு பிரதிகள் சேமிக்கும் வன்தட்டுகள் ஆகியவற்றுக்கு 3 இலட்சத்து 80 ஆயிரமும், இரும்பு அலுமாரிகளுக்கும் அமிலமற்ற தாளுறைகளுக்கும் 2 இலட்சத்து 70 ஆயிரமும் வேண்டும். வாவிக் காற்றின் ஈரம் பழைய படங்களுக்குப் பெரும் பகை. அதைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம். மிகுதி 5 இலட்சத்து 40 ஆயிரம், அறுபது படங்களைப் பெரிதாக்கிப் பெயர்களோடு சட்டமிடுவதற்கு. ஒரு படத்துக்கு 9,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் தம்மிடையே 4 இலட்சத்து 60 ஆயிரம் சேர்த்துள்ளோம். ஒரு வகுப்பார் சேர்ந்து தம் ஆண்டுப் படத்தின் செலவை ஏற்றால் மகிழ்வோம். தனியே சிறு தொகை அனுப்புவோரின் பங்கையும் அதே மதிப்போடு ஏற்போம். நன்கொடையாளர் பெயரைத் தொகையின்றி அகரவரிசையில் எழுதுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு மூவர் கையொப்பத்தில் இயங்குகிறது. அதன் விபரமும் பற்றுச்சீட்டுப் படிவமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கை அனைவருக்கும் அனுப்புவோம்.

படம் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தயவுசெய்து பிரித்தெடுக்க முயல வேண்டாம். முகங்கள் கண்ணாடியோடே வந்துவிடும். சட்டத்தோடு அப்படியே கொண்டுவாருங்கள், கண்ணாடிக்கு மேலாகவே பிரதி எடுக்கலாம். ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம். படத்தின் பின்புறத்தில் குமிழ்முனைப் பேனையால் எழுதினால் எழுத்து முன்புறம் புடைத்துவிடும். பெயர்களைத் தனித்தாளில் எழுதித் தாருங்கள். சனிக்கிழமைகளில் காலை 9 மணி முதல் 1 மணி வரை பக்க அறை திறந்திருக்கும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட படத்தில் இன்னும் இருபது பேர் பெயரின்றி நிற்கிறார்கள். விரல் நின்ற அந்த மாணவன் இரண்டாம் வரிசையில் இடப்பக்கமிருந்து நான்காவது. மெலிந்த உருவம், சேட்டின் மேற்பொத்தான் இல்லை, இடக் கையை முன்னால் இருக்கும் ஆசிரியரின் நாற்காலியில் வைத்திருக்கிறார். 1950களின் பிற்பகுதியில் படுவான்கரையிலிருந்து தோணியில் வந்து எம்மோடு படித்தவர். தெரிந்தவர்கள், பணம் அனுப்ப இயலாவிட்டாலும், அவருடைய பெயரை எழுதி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
செயலாளரும் பொருளாளரும்,
பிரியாவிடைப் படங்கள் திரட்டும் குழுவுக்காக,
மட்டக்களப்பு