காசு செலவில்லாத வேகம் யார் தலையில் விடிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் கணினிப் பக்கத்தில் சென்ற வாரம் ஓவர்கிளாக்கிங் பற்றி, அதாவது கணினியின் மூளையான பிராசசரைத் தயாரிப்பாளர் நிர்ணயித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது பற்றி வந்த கட்டுரையில், ‘பயாஸில் இரண்டு எண்களை மாற்றினால் போதும், காசு செலவில்லாமல் வேகம் கூடும்’ என்று ஒரு வரி. (பயாஸ் என்பது கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை நிரல்.) அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் சிவகாசியில் பல ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்த்துப் பிழைப்பவன். அந்த இரண்டு எண்களை மாற்றிய கணினிகள் கடைசியில் வந்து சேர்வது என் போன்றவர்களின் மேசைக்குத்தான். செலவில்லை என்று எழுதியவர் அந்த மேசைப் பக்கம் ஒருநாள் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த வரியை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

பிராசசரின் வேகத்தை ஏற்றினால், அது தடுமாறாமல் ஓட, பெரும்பாலும் வோல்டேஜையும் ஏற்ற வேண்டிவரும். இழுக்கும் மின்சாரம் வேகத்தின் நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்திலும் கூடும் என்பது தாங்கள் அறியாததல்ல. 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கி, வேகத்தில் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். மின்சாரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். 10 சதவீத வேகத்துக்காக 50 சதவீதச் சூடு! இந்தக் கணக்கில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் மலிவு விலை எஸ்எம்பிஎஸ் இந்தச் சுமையைத் தாங்குமா, வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் மின்தடை வந்த நொடியில் கைவிட்டுவிடாதா என்ற கேள்வியும் இல்லை.

அடுத்தது ஆயுள். சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய உலோக இழைகளில் மின்னோட்டமும் சூடும் மிகுந்தால், அணுக்களே இடம்பெயர்ந்து இழை மெலிந்துபோகும். ஜேம்ஸ் பிளாக் என்ற ஆய்வாளர் 1969-லேயே இதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார். இந்தத் தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. வாங்கிய புதிதில் நன்றாக ஓடிய அமைப்பு, சில மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாமல் முடங்கி நீலத்திரை காட்டும். உடனே பையன்கள் வோல்டேஜை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். தேய்மானம் மேலும் விரையும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும் எங்கள் ஊர் அச்சகங்களில் இரவு பகல் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நேரத்தில் ஓர் அச்சகத்தின் டிசைன் கணினி என்னிடம் வந்தது. இதே மாதிரி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு முதலாளியின் மகன் வேகத்தை ஏற்றியிருந்தான். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றினால், இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புப் பொருக்குபோல உதிர்கிறது. பிராசசருக்குப் பக்கத்தில், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் இடத்தில் மதர்போர்டின் பச்சை பழுப்பேறியிருக்கிறது. இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறது. போர்டை மாற்றலாம், பேஸ்ட்டை மாற்றலாம். ஆனால் சேமித்தாயிற்று என்று திரையில் காட்டிய டிசைன் கோப்புகள் மறுநாள் திறக்கவில்லை. அந்தக் கணினியிலிருந்தே நகல் எடுத்து வைத்திருந்ததால் நகலும் கெட்டிருந்தது. எண்ணை மாற்றியவன் கல்லூரிக்குப் போய்விட்டான். ராப்பகலாக வேலை பார்த்த டிசைனர்தான் ஏச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ஆசிரியர் அவர்களே, செலவில்லை என்ற சொல்லுக்கு அவரிடம் என்ன பதில் சொல்ல?

இது ஒரு கடைக்காரனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 10 லட்சம் கணினிகளின் தகவல்களை ஆராய்ந்து 2011-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வேகம் ஏற்றப்பட்ட கணினிகளில் பிராசசர் கோளாறால் வரும் முடக்கம் பல மடங்கு அதிகம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

கட்டுரையில் தந்த வெப்ப அளவுகளும் குளிர்ந்த ஊர்க்காரர்களின் சோதனையில் எடுத்தவையாகவே தெரிகின்றன. காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சில்லைக் கொண்டுபோகாது. 22 டிகிரி அறையில் 72-ல் நிற்கும் பிராசசர், சித்திரை மாதத்து 38 டிகிரி அறையில் 88-ஐத் தொடும். இங்கே எத்தனை வீடுகளில் கணினி இருக்கும் அறையில் ஏசி ஓடுகிறது?

இன்டெல்லின் செலரான் 300ஏ என்ற பழைய பிராசசரின் கதையையும் கட்டுரையாளர் சான்றாகக் காட்டுகிறார். 1998-ல் வந்த அந்த 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-ல் ஓடியது உண்மை. பஸ் வேகத்தை, அதாவது பிராசசரும் மற்ற பாகங்களும் தகவல் பரிமாறும் பாதையின் வேகத்தை, 66-லிருந்து 100-க்கு மாற்றினால் போதுமாயிருந்தது. விலை குறைந்த சரக்கு என்பதற்காக அதன் திறமையைக் குறைத்து விற்றார்கள். அதனால் வேகத்தை ஏற்ற இடம் இருந்தது. இன்றைக்கு, தேவைப்படும்போது வேகத்தைத் தானாகவே ஏற்றும் டர்போ என்ற பெயரில் அந்த இடத்தைத் தயாரிப்பாளரே பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிடுகிறார். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பல, யாரும் எதையும் தொடாமலேயே தடுமாறின. அளவுக்கு மீறிய வோல்டேஜ்தான் காரணம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான சில்லை அந்தத் திருத்தம் மீட்காது என்றும் சொன்னது. வடிவமைத்தவர்களுக்கே வோல்டேஜ் பிடிபடாமல் போன இடத்தில், பத்தாம் வகுப்புப் பையனைக் கைவைக்கச் சொல்கிறது நம் இதழ். அவன் ஏற்றி எரித்தால் உத்தரவாதமும் கிடையாது.

கணினிப் பக்கத்தின்மீது எனக்கு இருக்கும் வருத்தம் இன்று நேற்று வந்ததல்ல. முன்பு அதில் வாசகர் கேள்வி பதில் பகுதி இருந்தது. எத்தனையோ சிற்றூர்க்காரர்கள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமிங் கணினி விளம்பரம் போட்டீர்கள். ரேம் சுத்தம் செய்யும் மென்பொருளைப் புகழ்ந்து எழுதியபோது மறுத்துக் கடிதம் போட்டேன், வரவில்லை. யுபிஎஸ் பேட்டரியைப் பற்றி எழுதியதை மூன்று வரியாக்கி, சொல்லவந்த விஷயத்தையே எடுத்துவிட்டுப் போட்டீர்கள். தங்கள் இதழைப் படித்துத்தான் நான் இந்தத் தொழிலில் கால் வைத்தேன். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கணினி மந்தமாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமாகச் சேமிக்கும் ஓர் எஸ்எஸ்டியும், தூசி தட்டிய ஹீட்சிங்கும்தான். இதை எழுத ஒரு பத்தி போதும்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு கட்டம் கட்டி நான்கு செய்திகளைப் போடுங்கள்: வோல்டேஜை ஏற்றினால் சூடு எவ்வளவு ஏறும் என்பது, சேதமானால் உத்தரவாதம் இல்லை என்பது, தொழிலுக்குப் பயன்படும் கணினியில் இதைச் செய்யக் கூடாது என்பது, ஏற்கெனவே செய்தவர்கள் பயாஸில் பழைய அமைப்புக்குத் திரும்பி, கோப்புகளைத் திறந்து சரிபார்க்க வேண்டும் என்பது. இடம் போதாமல் இந்தக் கடிதத்தைக் குறைப்பதானால், என் பழைய வருத்தங்களை எடுத்துவிடுங்கள். வோல்டேஜ் கணக்கையும் அந்த டிசைனரையும் மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
சிவகாசி.