குளிரில் பற்றாத காரைச் சூடான கூடத்தில் வைத்துச் சோதித்தது பற்றிய புகார்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
வாகனத் திருத்தகம்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.

பொருள்: 1987 போர்ஷே 944 காரில் பழுது இல்லாத பாகங்களை மாற்றிப் பணம் பெற்றமை, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தராமை.

ஐயா,

கடந்த ஜனவரியில் மேற்படி காரை உங்களிடம் திருத்தக் கொடுத்திருந்தேன். முதலில் பற்றரியையும் ஸ்டார்ட்டர் மோட்டரையும் மாற்றினீர்கள். பிறகு பெற்றோல் பம்பை மாற்றினீர்கள். எல்லாவற்றுக்கும் வரியோடு சேர்த்து 2,180 டொலர் கட்டியிருக்கிறேன். கார் எந்தக் குறையோடு வந்ததோ அந்தக் குறையோடுதான் வீடு திரும்பியது. உண்மையான பழுதை வேறொருவர் ஒரே காலைப் பொழுதில், என் வீட்டு முற்றத்தில் வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் மாற்றிய எந்தப் பாகத்துக்கும் அதில் சம்பந்தம் இல்லை.

காரைக் கொடுத்த அன்று உங்கள் வரவேற்பு மேசையில் இருந்த தம்பியிடம் நான் தெளிவாகச் சொன்னேன்: இரவு முழுவதும் வெளியில் நின்ற கார், விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பும்போது நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பற்றுவதில்லை. அதே காரை நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் சில மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் உடனே பற்றிக்கொள்கிறது. தமிழில் விளக்கமாகச் சொல்லலாம் என்பதற்காகவே தூரத்தில் இருந்த வேறு கராஜை விட்டு உங்களிடம் வந்தேன். ஆனால் வேலைச்சீட்டில் எழுதப்பட்டது “ஸ்டார்ட் ஆகவில்லை” என்ற ஒரு வரிதான். குளிர் என்ற சொல்லே அதில் இல்லை. மெக்கானிக்கின் கைக்குப் போனது அந்தச் சீட்டு மட்டுமே.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது என்றால் பற்றரியும் ஸ்டார்ட்டரும் தம் வேலையைச் செய்கின்றன என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்தப் பற்றரியை முந்தைய இலையுதிர் காலத்தில்தான் புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன். சந்தேகம் இருந்தால் சுமை கொடுத்து அளந்து பார்த்திருக்கலாம். ஒரு பற்றரியின் குளிர்கால வலுவைக் குறிக்கும் எண்ணே பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் அளந்து போடப்படுவதுதான். அளந்ததற்கான குறிப்பு எதுவும் உங்கள் ரசீதில் இல்லை. பாகத்தின் விலையும் கூலியும் மட்டும் இருக்கின்றன.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம். கார் அன்றிரவு உங்கள் திருத்தும் கூடத்துக்குள் நின்றது. வெளியே பனி கொட்டினாலும் அங்கே குளிரங்கி இல்லாமல் நின்று வேலை செய்யலாம், அவ்வளவு சூடு. காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பற்றியது. புது ஸ்டார்ட்டர் குறையைத் தீர்த்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். சூடான இடத்தில் அந்தக் கார் பழைய ஸ்டார்ட்டரோடும் பற்றும் என்பதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். இரவில் காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைப் பகலில் தொட்டுப் பார்த்துவிட்டு நலம் என்று அனுப்பிவைப்பது போன்ற சோதனை இது. ஓர் இரவு வெளியில் நிறுத்திவிட்டு மறுநாள் காலை சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தால், செலவே இல்லாமல் உண்மை தெரிந்திருக்கும்.

மறுபடியும் இழுவை வண்டியில் கொண்டுவந்தபோது, காற்று உள்ளே போகும் வழியில், எளிதில் தீப்பற்றும் ஈதர் என்ற திரவத்தைத் தெளித்துப் பார்த்திருக்கிறீர்கள். எஞ்சின் ஒரு கணம் பற்றி உடனே நின்றது என்று உங்கள் மெக்கானிக்கே சொன்னார். அது நல்ல தடயம். தீப்பொறி வருகிறது, எரிபொருள்தான் போதவில்லை என்று அதற்குப் பொருள். அந்த இடத்தில் பெற்றோலின் அழுத்தத்தை அளந்திருக்க வேண்டும். இந்த எஞ்சினில் பெற்றோல் குழாயின் முனையில் அதற்கென்றே ஒரு மூடி இருக்கிறது. கழற்றி அழுத்தமானியைப் பொருத்தினால் 2.5 பார் அளவில் காட்ட வேண்டும். அளக்காமலே பம்பைக் கழற்றிவிட்டீர்கள். பம்ப் பழையது என்று பின்னர் காரணம் சொன்னீர்கள். பழையதற்காக மாற்றுவதாக இருந்தால் அதை என்னிடம் கேட்டு, நான் சம்மதித்த பிறகு மாற்றியிருக்க வேண்டும்.

கடைசியாக நான் நேரில் வந்து கேட்டபோது கிடைத்த பதில், “ஐயா, பழைய ஸ்போர்ட்ஸ் கார், குளிருக்கு இப்படித்தான் இருக்கும்.” இதை என்னால் ஏற்க முடியாது. 944 ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் ஆலையில் உருவான கார். பனியையும் உறைகுளிரையும் அறிந்த நாட்டில் செய்யப்பட்டது. அதன் உடல் துத்தநாகப் பூச்சுப் பெற்ற உருக்கு. குளிர் கூடக் கூட அதிகப் பெற்றோலைத் தெளிக்கும்படி எஞ்சினை ஒரு கணினியே நடத்துகிறது. ஒழுங்காகப் பராமரித்தால் ரொறன்ரோவின் குளிரிலும் அது பற்றும். அதற்கு முந்தைய குளிர்காலங்களில் என் கார் பற்றியது. இப்போதும் பற்றுகிறது.

பழுது என்னவென்று சொல்கிறேன். உங்கள் மெக்கானிக்கும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இத்தகைய கார்களோடு பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், முதல் நாள் இரவே காரை முற்றத்தில், உறை போடாமல் நிறுத்தச் சொன்னார். காலையில் வந்து, சாவியைத் திருப்பும்போது சுழற்சிமானியின் முள் அசைகிறதா என்று முதலில் பார்த்தார். அசைந்தது. எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் சென்சர்கள் வேலை செய்கின்றன என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார். டிஎம்இ ரிலே என்கிற, கணினிக்கும் பெற்றோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை அடுத்ததாகப் பார்த்தார். வயதாகும்போது அதன் உள்ளே ஈயத்தால் ஒட்டிய இணைப்புகளில் விரிசல் விழுந்துவிடும் என்பதால், இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பலர் ஒன்றை மேலதிகமாகக் காருக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதுவும் நன்றாக இருந்தது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி என் கையில் தந்தார். அவ்வளவு நேரம் சுற்றிய பின்னும் அவை காய்ந்து கிடந்தன. மூக்கருகே பிடித்தாலும் பெற்றோல் மணம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் நேராகப் போனது எஞ்சினின் தண்ணீர்ச் சூட்டை அறியும் சிறிய சென்சரிடம். இரண்டு முனைகள் கொண்ட அந்தப் பாகத்தின் மின்தடை, குளிரக் குளிரக் கூட வேண்டும். 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் 9,000 ஓமுக்கு மேல். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் அது சில நூறு ஓமுக்கு இறங்கும். மூச்சு புகையாக வெளிவந்த அந்தக் காலையில் மல்ட்டிமீற்றர் காட்டியது 400 ஓம். அதாவது, உறைந்துகிடந்த எஞ்சினைக் கொதிக்கும் எஞ்சின் என்று அந்தச் சென்சர் கணினியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கணினியும் அதை நம்பிச் சூடான எஞ்சினுக்கு வேண்டிய கொஞ்சப் பெற்றோலையே தெளித்தது. உங்கள் கூடத்தின் சூட்டில் அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது. வெளியே போதவில்லை.

அவர் அதோடு விடவில்லை. சென்சரின் இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 10,000 ஓம் மின்தடை ஒன்றைச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் உடனே பற்றியது. ஊகித்ததை நிரூபித்த பிறகுதான் புதுச் சென்சர் வாங்கச் சொன்னார். ஒரு பாகத்தைக்கூடக் காரணமில்லாமல் அவர் தொடவில்லை.

எண்ணெய் பற்றியும் எழுத வேண்டும். நான் கேட்காமலே எண்ணெயை மாற்றி 20W-50 ஊற்றியிருக்கிறீர்கள். பழைய எஞ்சினுக்குத் தடித்த எண்ணெய் நல்லது என்ற எண்ணமாக இருக்கலாம். 20W என்ற வகை எண்ணெயோடு எஞ்சின் சுற்றுமா என்று பார்க்கும் குளிர்ச் சோதனை பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையில் செய்யப்படுகிறது. குளிரில் அதைவிட இளகிய 10W என்றால் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகையில், 5W என்றால் 30 பாகையில். ஜனவரியில், வெளியில் நிற்கும் காருக்கு இதை ஊற்றியதால் அதுவரை வேகமாகச் சுற்றிய எஞ்சின் திணறித் திணறிச் சுற்ற ஆரம்பித்தது. இல்லாத குறை ஒன்று உங்கள் கராஜில் புதிதாகச் சேர்ந்தது.

இனிச் சட்டம். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002 வாகனத் திருத்த வேலைக்குத் தெளிவான விதிகளை வைத்திருக்கிறது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். இறுதிக் கட்டணம் அந்த மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. கழற்றிய பாகங்களை, வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் ஒழியத் திருப்பித் தர முன்வர வேண்டும். எனக்கு எழுத்தில் எந்த மதிப்பீடும் தரப்படவில்லை. முதல் வேலைக்குத் தொலைபேசியில் 700 டொலர் என்றீர்கள். ரசீது 1,120 டொலருக்கு வந்தது. பழைய ஸ்டார்ட்டரையும் பம்பையும் நான் கேட்டபோது, அவை போய்விட்டன என்ற பதில்தான் கிடைத்தது. அந்த இரண்டும் நன்றாக வேலை செய்த பாகங்கள் என்பதால் இந்தப் பதில் எனக்குக் கூடுதல் வேதனை.

ஸ்டார்ட்டர், பற்றரி, பம்ப் ஆகிய மூன்றின் விலையையும், அவற்றை மாற்றிய கூலியையும், எண்ணெய்க்கு வாங்கிய தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இழுவை வண்டிச் செலவை நான் கேட்கவில்லை. பழுது இருந்ததால் அது எப்படியும் ஏற்பட்டிருக்கும். புதிய பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் பழைய பாகங்களையே மீண்டும் பொருத்தித் தருவதானாலும் சம்மதம்தான், அவை இன்னும் உங்களிடம் இருந்தால்.

இந்தக் கடிதத்துடன் இரண்டு ரசீதுகளின் நகல், வேலைச்சீட்டின் நகல், சென்சரின் அளவு தெரியும் மல்ட்டிமீற்றர் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கழற்றிய சென்சர் என்னிடம் இருக்கிறது; உங்கள் மெக்கானிக் வந்து தாமே அளந்து பார்க்கலாம். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுவேன். தேவைப்பட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கும் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்