புத்துக்கிட்ட மன்னிப்பு கேட்ட கதை

மாப்ளே,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. திருப்பி பேசலாம்னா இங்க சிக்னல் படுத்துற பாடு தாங்கல, அதான் உக்காந்து டைப் அடிக்கறேன், நீளமா போகும், டீ போட்டு பக்கத்துல வச்சுக்க.

நான் கப்பல விட்டு இறங்கி ஒம்போது நாள் ஆச்சு, மணிலாவுல டிக்கெட் விஷயத்துல ஏதோ குளறுபடி, இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துட்டே இருக்கானுங்க. என்கூட இறங்குன ஆயிலர் ஒருத்தன், இஞ்சின் ரூம்ல வேலை பார்க்கறவன், ஹோட்டல் ரூம்ல சுவத்தயா பார்த்துட்டு இருப்பீங்க சார் எங்க வீட்டுக்கு வாங்கன்னு இழுத்துட்டு வந்துட்டான். பிலிப்பைன்ஸ்ல லகுனா மாகாணம், மக்கிலிங் மலைக்கு அடிவாரம். நல்ல பச்சை, நல்ல மழை, கொசு அதவிட நல்லாவே இருக்கு.

வந்த அன்னிக்கு சாயங்காலம் ஓடைப்பக்கம் நடந்து போனோம். வழியில அவசரம்னு ஓரமா ஒதுங்கினேன், ஒரு மரம், அடியில முழங்கால் உயரத்துக்கு கரையான் புத்து. ஜிப்புல கைய வச்சதுதான் தாமதம், இவன் "சார் சார் நோ நோ"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்து தோளப் பிடிச்சு இழுத்துட்டான்டா. அப்புறம் தொப்பிய கழட்டிட்டு புத்தப் பார்த்து "தாபி தாபி போ"ன்னான். ஓரமா ஒதுங்கிக்கோங்கய்யா, நாங்க போயிக்கறோம்னு அர்த்தமாம். கடைசில வர்ற 'போ' நம்ம 'போ' இல்ல, மரியாதைக்கு, நம்ம 'ங்க' மாதிரி. மெயின் இஞ்சின் கிராங்க்கேஸுக்குள்ள தலைய விட்டு வேலை பார்க்கறவன் இவன், புத்தப் பார்த்து மூஞ்சி வெளிறிப்போய் நிக்கறான்.

உள்ள இருக்கறது நுனோ, குட்டிக் கிழவர். நுனோன்னா தாத்தா, மூதாதைன்னு அர்த்தம். அந்தக் காலத்துல முதலையக் கூட இந்தப் பக்கத்து தகாலோக் ஜனங்க அப்படித்தான் கூப்பிட்டாங்கன்னு ஸ்பானிஷ் பாதிரியாருங்க எழுதி வச்சிருக்காங்க. பயமா இருந்தா தாத்தான்னு சொல்லிடறது, நல்ல யோசனைதான்.

மறுநாள் காலைல எனக்கு கணுக்கால் வீங்கிக் கெடக்கு. கட்டெறும்புன்னு நான் சொல்றேன், வீட்ல யாரு கேக்கறா. ஆயிலரோட அம்மா போய் பக்கத்துத் தெருவுல இருந்து ஒரு கிழவியக் கூட்டிட்டு வந்தாங்க, எழுபது வயசு இருக்கும், கழுத்துல ஜெபமாலை, கையில சின்னப் பொட்டலம். பிரிச்சா படிகாரம்டா! அத என் கால்ல சிலுவை போட்டுத் தடவி, கரி நெருப்புல போட்டு, அது பொரிஞ்சு பொங்கி ஒரு உருவத்துக்கு வர்ற வரைக்கும் வாய்க்குள்ள லத்தீன் மாதிரி ஏதோ முணுமுணுத்துட்டே இருந்துச்சு. இடுக்கியால எடுத்து திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, நுனோதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. எனக்கு உங்க ஆத்தா ஞாபகம்தான் வந்துச்சு, சின்ன வயசுல உனக்கு காய்ச்சல்னா படிகாரத்த சுத்தி அடுப்புல போட்டு யார் மூஞ்சி தெரியுதுன்னு பார்க்குமே, அதேதான், ஒரு பிசகு இல்ல.

பரிகாரம் என்னன்னா உப்பில்லாத சோறு, கோழிக்கறி ஒரு துண்டு, வாழையிலைல வச்சு புத்துகிட்ட வைக்கணும், மன்னிப்பு கேக்கணும். கேட்டேன்டா. வேற வழி? ஆறு பேரு சுத்தி நின்னு பார்க்கறாங்க.

அதுல இருந்து ரெண்டு நாளா இதையே தேடித்தேடிப் படிக்கறேன். இதே லகுனாவுல நக்கார்லான்னு ஒரு ஊரு, அங்க இருந்துதான் 1589-ல பிளாசென்சியான்னு ஒரு பிரான்சிஸ்கன் பாதிரியார் இந்த ஜனங்களோட பழக்கவழக்கம் பூராத்தையும் எழுதி அனுப்பியிருக்காரு. பெரிய சாமி பத்தாலா. சூரியன், நிலா, தாலாங்கற விடிவெள்ளி இதெல்லாம் கும்பிட்டாங்க, வயலுக்கு லகாபதின்னு ஒரு சாமி, கோயில்னு தனியா கட்டடம் கெடையாது, பெரியவர் வீட்டுலயே பந்தல் மாதிரி இழுத்துக்கட்டி விளக்கேத்தி திருவிழா. பூசை பண்ற ஆளுக்கு பேரு கதலோனான், விசாயா தீவுப்பக்கம் பாபாய்லான், பெரும்பாலும் பொம்பளைங்கதான். ஆம்பளையா இருந்தா பல பேரு பொம்பள மாதிரி உடுத்தி நடந்தவங்க, அதுக்கு மரியாதையும் இருந்திருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லகாபதி. விதைக்கற நேரத்துல புள்ளைய வயல்ல ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சு, லகாபதி உன் அடிமைக்கு சோறு போடு, பட்டினி போட்டுடாதன்னு வேண்டுவாங்களாம். இது 1613-ல இங்க பிலாங்கற ஊர்ல அச்சடிச்ச ஒரு அகராதில இருக்கு. அகராதிக்காரர் அர்த்தம் எழுதறேன்னு ஒரு வேண்டுதலையே காப்பாத்தி வச்சிட்டாரு பாரு.

பத்தாலாங்கற பேரு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, சமஸ்கிருத 'பட்டார'. நம்ம பழைய கல்வெட்டுல சாமிய 'படாரர்'னு போட்டிருக்குமே, அதே வார்த்தைதான். உடனே சோழன் கப்பல்ல கொண்டுபோய் இறக்குனான்னு ஆரம்பிச்சுடாத, உன்ன எனக்குத் தெரியும். மலாய், ஜாவா வழியா கைமாறி வந்திருக்கு, அவ்ளோதான். விசாயா பக்கம் திவாதான்னா சாமி, அது தேவதை. இந்த மக்கிலிங் மலைக்கே ஒரு திவாதா இருக்கா, மரியா மக்கிலிங், கல்யாணம் காட்சிக்கு ஊர்க்காரங்களுக்கு நகை இரவல் குடுத்தவ, அவ கதைய இவங்க தேசத் தலைவர் ஹோசே ரிசால் 1890-ல எழுதியிருக்காரு. திவாதாவுக்கே மரியான்னு பேரு வச்சு ஞானஸ்நானம் பண்ணிட்டாங்க பாரு. பத்தாலா கதி அதவிட சுவாரஸ்யம். இப்ப இவங்க எதுக்கெடுத்தாலும் 'பகாலா நா'ன்னு சொல்வாங்க, நடக்கறது நடக்கட்டும்னு அர்த்தம், அதுக்குள்ள 'பத்தாலா' இருக்குன்னு நிறைய பேரு சொல்றாங்க, எனக்கு அது இழுத்துக்கட்டுற மாதிரிதான் படுது. ஆனா பெரிய சாமி எடத்துல ஏசு வந்து உக்காந்துட்டாரு, சண்டையே இல்ல. புத்துக்குள்ள இருக்கற கிழவரத்தான் யாராலயும் காலி பண்ண முடியல. ஏன்னா ஓடைக்குப் போற பாதை அதே பாதைதான்டா, புத்தும் அங்கயேதான் இருக்கு, தினம் தாண்டித்தான ஆகணும்.

அந்தக் கிழவிதான் கதலோனானோட வாரிசுன்னு எனக்கு தோணுது, ஆனா அந்தம்மாகிட்ட சொன்னா அடிக்க வரும், ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைல முதல் வரிசை.

சொல்ல மறந்துட்டேன், இங்க வர்றதுக்கு முன்னாடி மணிலா மியூசியம் போனேன். பலாவன் குகைல 1964-ல எடுத்த ஒரு சாடி, செத்தவங்க எலும்பு வைக்கறதுக்கு, 2,700 வருஷத்துக்கு மேல பழசு. மூடி மேல ஒரு படகு, ரெண்டு பேரு. முன்னாடி உக்காந்தவன் நெஞ்சுல கைய குறுக்கா கட்டியிருக்கான், அவன்தான் செத்தவன். பின்னாடி இருக்கறவன் கையில துடுப்பு, ஆனா துடுப்போட பலகைய காணோம், உடைஞ்சு போச்சு. அவன் உக்காந்திருக்கற வாகப் பார்த்தா துடுப்பு போடல மாப்ளே, ஸ்டியர் பண்றான். அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன், செக்யூரிட்டி வந்து பார்த்துட்டுப் போனான்.

கால் இப்ப சரியாயிடுச்சு. நான் ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரையும் போட்டேன், அத வீட்ல சொல்லல, கிழவர் மன்னிச்சுட்டாருன்னு ஆயிலரோட அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க.

உங்க அம்மா கண்ணுக்கட்டு அவுத்ததும் ஒண்ணு கேட்டுச் சொல்லு, ஆத்தா படிகாரம் போடறப்ப வாய்க்குள்ள என்ன சொல்லும்னு. எனக்கு ஒரு வார்த்தை கூட ஞாபகம் இல்ல. டிக்கெட் வந்ததும் போன் அடிக்கறேன். காஞ்ச மாம்பழம் ரெண்டு கிலோ வாங்கியாச்சு, இவங்க அத 'மங்கா'ன்னுதான் சொல்றாங்க.

இப்படிக்கு
உன் மாப்ள