முன்வீலைத் தூக்கிப் பார்த்துவிட்டு பில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களை ஆசையாக வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். பெயிண்டும் சீட்டும் பளபளக்கின்றன. வண்டி மட்டும் நேராக ஓடுவதில்லை. மெக்கானிக்கைக் கேட்டால், “அடியில எல்லாத்தையும் மாத்திருவோம்” என்று பதில் வருகிறது. இது தவறு. இன்று கடையில் கிடைக்கும் உதிரிபாகங்களில் சில, கழற்றி எறியும் அசல் பாகத்தைவிட மட்டமானவை. தேய்ந்ததை மட்டும் மாற்ற வேண்டும். எது தேய்ந்தது என்று கைதான் சொல்லும்.

பத்மினியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வீலின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே கிங் பின் (முன்வீல் இடமும் வலமும் திரும்பும் அச்சான இரும்புத் தண்டு) போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். சில சமயம் டைட் வைத்தாலே போதும். மிதித்தும் ஆடினால்தான் கிங் பின்னையோ வீலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையோ பார்க்க வேண்டும். கிங் பின் மாற்றினால் அது சுழலும் உலோகப் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றி, மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் நீளமான ஒரே ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஒரே நேர்கோட்டில் அடிக்க வேண்டும். எமரித் தாளால் தேய்த்து, சுத்தியலால் தட்டிப் பின்னை இறக்கினால் ஸ்டீயரிங் இறுகிவிடும். வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பாது. ஆட்டத்தை மறைக்கப் பித்தளைத் தகடு சொருகுவது வைத்தியமே அல்ல.

அடுத்து வண்டியைத் தரையில் இறக்குங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் அடியில் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முதலில் அசைந்து மறுபக்கம் பிந்தி அசைந்தால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. ‘டக்’கென்று விரலிலேயே தெரியும். வீலைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டைப் பார்ப்பவர்கள், ஸ்டீயரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் அந்தக் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மை மறந்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங்கின் பல்சக்கரங்கள் இருக்கும் பாக்ஸைக் கடைசியில் தொடுங்கள். வண்டி நேராக ஓடும்போது பல் சேரும் இடம்தான் அதில் அதிகம் தேயும். அந்த ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கினால், முழுக்க ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும்.

அம்பாசடரில் இந்த பாக்ஸுக்குப் பதில் இருப்பது ரேக், அதாவது பல் வெட்டிய நீளத் தண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்தால் அன்றே மாற்றுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போனால் ரேக்கே போய்விடும்.

ரப்பர் புஷ்ஷில் மேலாக வெடிப்பு தெரிகிறது என்பதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். லிவர் போட்டு நெம்பும்போது இரும்போடு இரும்பு இடித்தாலோ, ரப்பர் ஆயில் குடித்து ஊதியிருந்தாலோ மாற்றலாம். புதுப் புஷ் சீக்கிரம் கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே நட்டை முழுதாக இறுக்கிவிடுவதுதான். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். நாலு வீலும் தரையில் நின்ற பிறகே கடைசி டைட். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தால் ஜோடியாக மாற்றுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றினால் அதை மறுபடி போடவே கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பாகங்கள் பொருந்தும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கடலோரத்தில் நின்ற வண்டியில் பெயிண்டுக்கு அடியில் துரு அப்பளமாகப் பொரிந்திருக்கும். அங்கே புதுக் கிங் பின் போட்டு என்ன பயன்? முதலில் வெல்டிங் வேலை, பிறகு பாகம், கடைசியில் வீல்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்.

கிரீஸ் அடிக்கும்போது வீல் தரையில் அழுந்தாமல் தூக்கி வைத்து அடியுங்கள். அப்போதுதான் பாரம் தாங்கும் பக்கத்துக்கும் கிரீஸ் போகும். நமக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒருமுறை கட்டாயம்.

முறையாக ரீமர் அடிக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையம் அவர்களை அழைத்து, இந்த ஒரு வேலையையாவது மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை