கண்டம் தாண்டும் பைக் பயணம்: கழற்றி மாட்டப் பழகுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரியிலிருந்து பைக்கில் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றிய செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். வரிசையாக வண்டிகள், கொடியசைப்பு, எத்தனை நாடு, எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் இருக்கும். எப்படித் தயாரானார்கள் என்பது மட்டும் இருக்காது. மார்த்தாண்டத்தில் இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் நேபாளம், திபெத், மத்திய ஆசியா வழியாக ஐரோப்பா வரை போகத் திட்டம் போட்டு, வண்டிகளை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வந்ததும் அவர்கள் கேட்டது கூடுதல் விளக்கும் அலுமினியப் பெட்டியும். நான் கேட்டது, "பின் சக்கரத்தை நீயே கழற்றுவியா மக்கா?" குழுவில் ஒருவனுக்குத் தெரியும் என்றார்கள். அந்த ஒருவனுக்கே காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலைத் தட்டி எடுத்து, செயினை இறக்கி, டயரை மிதித்து ரிம்மிலிருந்து விலக்கி, லீவரில் ட்யூப் கிள்ளுப்படாமல் திரும்ப மாட்ட ஒவ்வொருவரும் பழக வேண்டும். வீடியோவில் பார்த்தால் வராது, கை பழக வேண்டும்.

மாற்று கிளட்ச் கேபிளைப் பையில் சுருட்டி வைப்பதையும் விடுங்கள். ஓடுகிற கேபிளோடு புதியதையும் சேர்த்து இழுத்து, இரண்டு நுனியிலும் தண்ணீர் புகாமல் டேப் சுற்றி விடுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமலே நுனியை மாற்றி மாட்டிக் கிளம்பலாம். முடிந்தவரை எல்லோரும் ஒரே மாடல் வண்டியில் போனால், பிரேக் பேடு, ஃபில்டர், செயின் லிங்க் எல்லாம் ஒரு செட்டைப் பிரித்துச் சுமக்கலாம்.

அப்புறம் காகிதம். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்டிஓ அலுவலகத்திலேயே வாங்கலாம், ஓர் ஆண்டு செல்லும். ஆனால் சீனாவில் அது செல்லாது. அங்கே தற்காலிக உரிமம், வண்டிக்கு அனுமதி, கூடவே வழி முழுக்க ஒரு வழிகாட்டி எல்லாம் வேண்டும். எந்த நாளில் எந்த எல்லையில் நுழைந்து எங்கே வெளியேறுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடும். ஒருவன் வண்டி நின்றால் மொத்தக் குழுவின் தேதியும் ஆடிப்போகும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அங்கே நுழையும் நாளுக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். சாலையில் மெதுவாகப் போகிறவர்கள் அதைக் கணக்கு வைத்துத்தான் கிளம்பும் தேதியைக் குறிக்க வேண்டும்.

வண்டியைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று பிணைப்பணம் கட்டி வாங்குகிற கார்னெட் என்ற சுங்கப் புத்தகத்தை இவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஈரான் வழியாகப் போவதென்றால் அது இல்லாமல் நடக்காது. நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். பிணையாகக் கட்டிய பணத்துக்கே ஆபத்து. எஞ்சின் போய்விட்டது என்று வண்டியைப் போட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. பழுதான வண்டியை ஊருக்குக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது என்று கிளம்பும் முன்பே பேசி எழுதி வையுங்கள். கூட்டாளிகளுக்குள் கசப்பு இந்த இடத்தில்தான் முளைக்கும்.

பழகுவதற்கு நம் மாவட்டத்தைப் போல ஓர் இடம் கிடையாது என்பேன். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பெட்டிகளை நிறைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், பக்கவாட்டுக் காற்று வண்டியை எப்படித் தள்ளுகிறது என்று தெரியும். மழையில் பேச்சிப்பாறைப் பக்கம் போங்கள். கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், சாலை பிரிகிற இடத்தில் அவன் வரும்வரை நிற்க வேண்டும். இதை இங்கேயே பழகாதவர்கள் மொழி தெரியாத ஊரில் ஒருவரை ஒருவர் தேடி அலைவார்கள். ஆனால் ஒன்று, திபெத்தில் 5,000 மீட்டருக்கு மேல் உள்ள கணவாய்களுக்கு இங்கே ஒத்திகை கிடையாது. அங்கே எஞ்சினுக்கும் இழுவை குறையும், ஆளுக்கும் மூச்சு வாங்கும். உயரம் பழக நாள் ஒதுக்குங்கள், தலைவலி வந்தவனைப் பிடித்து மேலே ஏற்றாதீர்கள்.

அடுத்த குழு கிளம்பும்போது, யார் யாருக்குப் பஞ்சர் போடத் தெரியும், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன திட்டம் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும். அதைப் படிக்கிற அடுத்த பையனுக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் என் கடையில் வேலை இருக்காது. குழுவாகப் போகத் திட்டமிடுகிறவர்கள் சொந்த வண்டியோடு வந்தால் கழற்றி மாட்டச் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
மார்த்தாண்டம்.